எண் இல்லாத நாட்கள்

புதிய வண்டி ஒன்று வீட்டு வாசலுக்கு வந்து சேரும் நாள் நம் குடும்பங்களில் ஒரு சிறு திருநாள். பிள்ளை பிறந்த வீட்டிற்கு வருவதுபோல் அண்டை அயலார் வந்து எட்டிப் பார்க்கின்றனர். மாலை சூட்டப்படுகிறது, சந்தனம் பூசப்படுகிறது, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப்படுகிறது. முதற் பயணம் சமயபுரத்திற்கோ, வேளாங்கண்ணிக்கோ, நாகூருக்கோ என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. இருக்கையின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க மனம் வராமல் சில வாரங்கள் அப்படியே ஓட்டுவாரும் உண்டு.

எல்லாம் இருக்கும் அந்த வண்டியில் ஒன்று மட்டும் இல்லாதிருப்பதை நெடுங்காலம் நம் சாலைகளில் கண்டு வந்திருக்கிறோம். இன்றும் அக்காட்சி முற்றும் மறைந்துவிடவில்லை. முன்னும் பின்னும் எண் எழுதப்பட வேண்டிய தகட்டில் 'ஃபார் ரெஜிஸ்ட்ரேஷன்' என்னும் இரு சொற்களே ஒட்டப்பட்டிருக்கும். இனிமேல்தான் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் பொருள். வண்டி பிறந்துவிட்டது, பெயர் இன்னும் வைக்கப்படவில்லை. பெயரில்லாத அந்தச் சில நாட்களில் மனிதர்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதைப் பற்றியே இங்கு சிந்திக்க விரும்புகிறேன்.

சட்டம் இந்த இடைக்காலத்தை அறியாததன்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பதிவு செய்யப்படாத, பதிவெண்ணை வெளியே காட்டாத எந்த வண்டியையும் பொது இடத்தில் ஓட்டலாகாது என்று தன் 39-ஆம் பிரிவில் தெளிவாகக் கூறுகிறது. மீறுவோர்க்கு முதன்முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம் என்று 192-ஆம் பிரிவு விதிக்கிறது. உடனே நிரந்தரப் பதிவு பெற இயலாத வண்டிகளுக்கென்று 43-ஆம் பிரிவு தற்காலிகப் பதிவுக்கு வழி செய்திருக்கிறது. தொடக்கத்தில் ஒரு மாதமே செல்லத்தக்கதாக இருந்த அப்பதிவின் காலம் 2021-இல் ஆறு மாதங்களாக நீட்டிக்கப்பட்டது. அதற்கென்று தனி எண்ணும் தனி நிறமும் உண்டு. மஞ்சள் தகட்டில் சிவப்பு எழுத்துகள் இருந்தால் அது தற்காலிக எண். சிவப்புத் தகட்டில் வெள்ளை எழுத்துகள் இருந்தால் அந்த வண்டி இன்னும் விற்பனையாளர் வசம் இருப்பது. தற்காலிக எண்ணைத் தாளில் அச்சிட்டு ஒட்டிக்கொண்டு ஓட்டுவது குற்றம் என்பதை 2020-இல் மத்திய அரசு விளக்கிக் கூறியது.

இவற்றிலிருந்து ஒன்று புலனாகிறது. தற்காலிக எண்ணும் ஓர் எண்ணே. அதைத் தாங்கிய வண்டிக்கு, மற்ற வண்டிகளுக்குரிய கடமைகளில் ஒன்றுகூடக் குறைவதில்லை. சிவப்பு விளக்கு அதற்கும் சிவப்பு விளக்குத்தான். 'ஃபார் ரெஜிஸ்ட்ரேஷன்' என்னும் அட்டையோ சட்டத்தின் பார்வையில் ஒன்றுமே இல்லை. இருப்பினும் மக்கள் அதை ஓர் அனுமதிச் சீட்டாகவே கருதி வந்திருக்கின்றனர்.

நான் குடியிருக்கும் தெரு, திருச்சியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில், ஒரு சிக்னல் அருகே சென்று முடிகிறது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், அம்முனையிலுள்ள தேநீர்க் கடையின் பெஞ்சில் மாலை வேளைகளில் அமர்ந்திருப்பது என் வழக்கமாயிற்று. ஆயுத பூசையிலிருந்து தீபாவளி வரை புதிய வண்டிகளின் பருவம். எண் இல்லாத இருசக்கர வண்டிகள் எவ்வாறு செல்கின்றன என்பதை அந்நாட்களில் பலமுறை கவனித்திருக்கிறேன். எல்லாரும் அல்லர், ஆயினும் பலர், பழைய வண்டியில் செய்யத் துணியாதவற்றைப் புதிய வண்டியில் செய்தனர். ஒருவழிப் பாதையில் எதிர்த்து வந்தனர். மூவராய் ஏறிச் சென்றனர். சிவப்பு விளக்கைக் கண்டும் காணாதவர் போல் கடந்தனர். காவலர் கை காட்டினால் நிற்காமல் வேகத்தைக் கூட்டினர். குறிப்பெடுக்கும் காவலரின் கையில் எழுதுகோல் இருந்தது. எழுதுவதற்குத்தான் எண் இல்லை.

இப்போது பல சந்திப்புகளில் கம்பத்தின் உச்சியில் கேமரா வந்துவிட்டது. அது கடந்து செல்லும் வண்டியின் எண்ணைப் படித்துக்கொள்ள, அபராதச் செய்தி உரியவரின் கைப்பேசிக்கே வந்து சேர்கிறது. இந்த ஏற்பாட்டில் எவருடைய முகத்திற்கும் சலுகை இல்லை. ஆயின் அக்கருவிக்குத் தெரிந்த ஒரே அடையாளம் எண். எண் இல்லாத வண்டியை அது பார்க்கிறது. ஆனால் எவருக்கு எழுதுவது என்று அறியாமல் விட்டுவிடுகிறது.

அக்காலத்தில், வண்டியைப் பெற்ற ஏழு நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. மாதம் ஒன்று கடந்தும் எண் இல்லாமல் மகன் ஓட்டி வருவதைக் கண்டு, நன்கு பழகிய தந்தை ஒருவரைக் காரணம் கேட்டேன். "கூட்டினால் ஒன்பது வரவேண்டும், சார். வரிசை இன்னும் அந்த எண்ணுக்கு வரவில்லை. சோதிடர் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்" என்றார். மகனுக்குத் தீங்கு வராதிருக்க நல்ல எண்ணைத் தேடும் தந்தையின் அன்பை நான் குறை கூறவில்லை. அந்த எண் வரும் வரையில் அவர் மகனால் பிறருக்கு வரக்கூடிய தீங்கை எந்தச் சோதிடரும் கணித்துச் சொல்லவில்லை என்பதே என் கவலை.

அக்கவலைக்குக் காரணம் உண்டு. 2017-ஆம் ஆண்டு ஆயுத பூசை முடிந்த வாரம், எங்கள் தெருமுனையில் கூடை வைத்துப் பூ விற்கும் முதியவள் ஒருத்தியை அத்தகைய வண்டி ஒன்று இடித்துத் தள்ளிவிட்டுச் சென்றது. சிக்னல் சிவப்பில் இருந்தது; அவள் முறைப்படி சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். வலத் தொடை எலும்பு முறிந்தது. வண்டியும் சாய்ந்தது, ஓட்டிய இளைஞன் எழுந்து, வண்டியை நிமிர்த்தி, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

கட்டடப் பணியில் சித்தாளாக இருந்த அவள் மகனுடன் நானும் காவல் நிலையத்திற்குச் சென்றேன். கண்டவர் நால்வர் எங்களுடன் வந்தனர். வண்டி கறுப்பு நிறம் என்றார் ஒருவர். முன்புறம் செவ்வந்தி மாலை வாடாமல் இருந்தது என்றார் மற்றொருவர். பெட்ரோல் டாங்கில் சந்தனத்தில் மூன்று பட்டைகள் இருந்தன. கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. பையன் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தான். அத்தனையும் அவர்களுக்கு நினைவிருந்தது. ஏட்டு பொறுமையாகக் கேட்டார். இறுதியில், "ஐயா, மாலையை வைத்து எந்த வண்டியைத் தேடுவேன்? இந்த வாரம் ஊரில் மாலை போடாத புது வண்டி எது?" என்றார். அவர் கூற்றில் ஏளனம் இல்லை. உண்மையான இயலாமையே இருந்தது.

மருத்துவமனையில் அவளைக் காணச் சென்றபோது, அந்தப் பையனைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதைத் தயங்கித் தயங்கிக் கூறினேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் புள்ளையும் கீழே விழுந்துச்சே வாத்தியாரையா, அதுக்கு அடி ஏதும் பட்டுச்சா?" என்று கேட்டாள். மறுமொழி கூற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தன்னை இடித்தவன் எவன் என்று அறியாத நிலையிலும் அவன் நலத்தைக் கேட்க ஒரு தாய்க்கு இயன்றது. அவளுடைய பெயரை அறிந்துகொள்ளக்கூட அவனுக்கு நின்று கேட்க இயலவில்லை.

வண்டியின் எண் எதற்காக என்று மாணவர்களைக் கேட்டால், வரி செலுத்துவதற்கு என்றும், திருட்டுப் போனால் கண்டுபிடிப்பதற்கு என்றும் கூறுவர். இரண்டும் உண்மை. ஆயின் இரண்டும் உடைமையாளரின் பக்கத்திலிருந்து கூறப்படும் விடைகள். சாலையில் நடந்து செல்பவரின் பக்கத்திலிருந்து நோக்கினால் வேறொரு விடை கிடைக்கிறது. மோட்டார் வண்டிகள் தோன்றிய சில ஆண்டுகளிலேயே, 1893-இல், பாரிசு நகரக் காவல்துறை அவற்றில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் எண்ணும் பொறித்த தகடு இருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இங்கிலாந்தில் 1904-ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து பதிவெண் கட்டாயமாயிற்று. குதிரையைவிட விரைந்து ஓடக்கூடிய ஒன்றைச் செலுத்துபவன், எவரையேனும் இடித்துவிட்டு முகம் தெரியாமல் மறைந்துவிடுதல் எளிது. எனவே, "நான் இன்னார், என்னைக் கேட்கலாம்" என்று அவன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்க வேண்டும் என்பது சமுதாயம் விதித்த நிபந்தனை. அந்த எழுத்தே பதிவெண். அது முன்பின் அறியாத மனிதருக்கு நாம் கொடுக்கும் வாக்குறுதி.

அந்த வாக்குறுதி இல்லாதபோது நேரும் இழப்பு எவ்வளவு என்பதைத் தொகையாகவும் கூறலாம். மூன்றாம் தரப்பினருக்கான காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் ஓடக்கூடாது. புதிய வண்டிக்கு அது, பதிவெண் வருமுன்பே, இயந்திர எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் கொண்டு வழங்கப்பட்டுவிடுகிறது. அப்படியாயின் அந்தப் பூக்காரியின் காயத்திற்கு ஈடு கொடுக்க எங்கோ ஒரு காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டிருந்தது. வண்டி இன்னதென்று தெரிந்திருந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவள் வயதையும், நாள் வருமானத்தையும், மருத்துவச் செலவையும், இனி நடக்க இயலாத அளவையும் கணக்கிட்டு ஈடு வழங்கச் சொல்லியிருக்கும். வண்டி தெரியாததால், 'இடித்துவிட்டு ஓடிய வழக்கு' என்னும் பிரிவில் அது சேர்ந்தது. அப்பிரிவில் அன்று கொடுங்காயத்திற்குரிய தொகை 12,500 ரூபாய். உயிரே போயிருந்தால் 25,000 ரூபாய். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி, 2022 ஏப்ரல் முதல் அத்தொகைகள் முறையே 50,000 ரூபாயாகவும் 2,00,000 ரூபாயாகவும் உயர்ந்துள்ளன. உயர்ந்தது நன்று. ஆயினும் ஒரு தகட்டில் சில எழுத்துகள் இருந்தமைக்கும் இல்லாமைக்கும் இடையில் ஓர் ஏழையின் எஞ்சிய வாழ்நாள் ஊசலாடுகிறது என்பது மாறிவிடவில்லை.

தற்காலிக எண்ணைத் தொழிலாகவே சுமந்து வாழ்பவர் ஒருவரையும் நான் அறிவேன். அவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓட்டுநர். ஓசூரிலும் எண்ணூரிலும் உள்ள தொழிற்சாலைகளிலிருந்து லாரி, பேருந்துகளின் சேசிஸ்களை, கூண்டு கட்டுவதற்காகக் கரூர், நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் பட்டறைகளுக்கு ஓட்டிச் சென்று சேர்ப்பது அவர் தொழில். அவற்றிற்குக் கூரையில்லை, கதவில்லை, பக்கச் சுவரில்லை. சக்கரங்களும் இயந்திரமும் இரும்புச் சட்டமும் மட்டுமே. தற்காலிகமாகப் பொருத்திய இருக்கையில் அமர்ந்து, தலைக்கவசம் அணிந்து, முகத்திலறையும் காற்றிலும் மழையிலும் நெடுந்தொலைவு அவர் செல்ல வேண்டும். அவர் ஓட்டும் ஒவ்வொரு வண்டிக்கும் எண் தற்காலிகமே. பட்டறையில் ஒப்படைத்துவிட்டால் அந்த வண்டியை மறுமுறை அவர் காணப்போவதும் இல்லை.

"இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும், யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியதில்லையா தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்தார். "தோன்றாமலா இருக்கும், சார்? ஒரு வாரம் கழித்து அந்த வண்டிக்கு வேறு எண், வேறு நிறம், வேறு முதலாளி. ஆனால் நம்பர்தான் டெம்பரரி, அடிபட்டவன் கால் டெம்பரரி இல்லையே" என்றார். மேடைகளில் நான் கேட்ட பல பேருரைகளில் இவ்வளவு பொருள் செறிந்த வாக்கியத்தைக் கேட்டதில்லை.

இது நம் நாட்டிற்கு மட்டுமே உரிய நோய் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், புதிய வண்டி வாங்கியோர் ஆறு மாதங்கள் வரை எண் தகடு இல்லாமல் ஓட்டச் சட்டமே ஒருகாலத்தில் இடமளித்தது. ஆப்பிள் நிறுவனத்தை உருவாக்கிய ஸ்டீவ் ஜாப்ஸ் எண் தகடு இல்லாத காரிலேயே சென்று வந்தார் என்பது ஊரறிந்த செய்தி. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அதே வகைக் காரைப் புதிதாக மாற்றிக்கொண்டு அவர் இதைச் சாதித்ததாகக் கூறுவர். சட்டம் ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே இடைவெளியைத்தான் விட்டு வைத்தது. அதில் நிரந்தரமாகக் குடியிருக்கும் வசதி சிலருக்கே வாய்த்தது. சுங்கக் கட்டணம் செலுத்தாமல் தப்புவோரும், இடித்துவிட்டு மறைவோரும் அதே இடைவெளியில் புகுந்துகொண்டனர். இறுதியில், 2019 சனவரி முதல் நாளிலிருந்து, விற்பனையாளரே தற்காலிக எண்ணைப் பொருத்தித் தர வேண்டும் என்று அம்மாநிலம் விதித்தது.

நாணயத்தின் மறுபக்கமும் அந்நாட்டிலேயே இருக்கிறது. 2020 டிசம்பரில், வர்ஜீனியா மாநிலத்தின் விண்ட்சர் என்னும் சிற்றூர் வழியே கரோன் நசாரியோ என்னும் இராணுவ லெப்டினன்ட் தம் புதிய வண்டியில் சென்றார். அவர் கறுப்பினத்தவர், சீருடையில் இருந்தார். தற்காலிக எண் பின்புறக் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்தது. எண்ணே இல்லை என்று கருதி அவரை நிறுத்தச் சொன்ன காவலர் இருவர், அவர் மெதுவாகச் சென்று வெளிச்சமுள்ள பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தியபோது துப்பாக்கியை நீட்டினர். அவர்களுள் ஒருவர் அவர் முகத்தில் எரிச்சலூட்டும் மிளகுக் கரைசலைப் பீய்ச்சினார். பின்னர் அக்காவலர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். தற்காலிக எண்ணைத் தாங்கி வருபவரெல்லாம் குற்றவாளி அல்லர். நம் சாலைகளிலும், புதிய வண்டியில் வரும் கூலித் தொழிலாளியின் மகனை, "யாருடைய வண்டியடா?" என்று கேட்கும் குரலை நான் கேட்டிருக்கிறேன். அதே நிலையிலுள்ள காரில் வருபவரை அக்குரல், "ஷோரூமிலிருந்தா வருகிறீர்கள், சார்?" என்று கேட்கிறது. விதி ஒன்றாக இருக்கும்போது வினவும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

சட்டம் தன் பங்கிற்கு இடைவெளியை அடைத்து வருகிறது. விற்பனையாளர் இருக்கும் மாநிலத்திலேயே பதிவு செய்யப்படும் புதிய வண்டிக்கு அவரே விண்ணப்பிக்க வேண்டும் என்றும், பதிவெண் பொருத்தப்படும் வரையில் வண்டியை வாங்கியவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்றும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து தயாரிக்கப்படும் வண்டிகளுக்கு, எளிதில் கழற்றவோ மாற்றவோ இயலாத உயர் பாதுகாப்பு எண் தகடும் கட்டாயமாயிற்று. இவை முழுமையாகப் பின்பற்றப்பட்டால், வேறு மாநிலத்திற்குச் செல்லும் வண்டிகளுக்கும் கூண்டு கட்டப்போகும் சேசிஸ்களுக்குமே பெரும்பாலும் தற்காலிக எண் தேவைப்படும். ஆயினும், நல்ல நேரம் முடிவதற்குள் வண்டியைக் கொடுத்துவிடுங்கள் என்று கடைக்காரரை நெருக்குவோர் நாம்தாம். எண் வந்த பிறகும் அதைக் கேமராவின் கண்ணுக்குப் படாமல் மடித்து வைப்போரும், மாலையாலும் துணியாலும் மறைப்போரும் இருக்கின்றனர். இதனால், தகட்டை இரும்பில் பொருத்திவிடலாம். அதன் பொருளை உள்ளத்தில் பொருத்துவது தனி வேலை என்பது விளங்குகிறது.

வாடகை வீட்டின் சுவரில் ஆணி அடிக்கையில் நமக்குக் கை நடுங்குவதில்லை. மாற்றலாகிப் போகப்போகும் அலுவலர் மேசையிலுள்ள கோப்புகளைத் தமக்குப் பின் வருபவருக்கு விட்டுவிடுகிறார். இரயிலில் சில மணி நேரமே அமரப்போகும் இருக்கையின் கீழே குப்பையைத் தள்ளுகிறோம். தற்காலிகம் என்று தோன்றிய இடத்திலெல்லாம் நம் பொறுப்பு சற்றே தளர்ந்துவிடுகிறது. சேசிஸ் ஓட்டும் அந்தத் தம்பி சொன்னதையே இங்கெல்லாம் பொருத்திப் பார்க்கலாம். நாம் அங்கே தங்குவது சில நாட்களாக இருக்கலாம். நம்மால் பிறருக்கு நேர்வது அத்தனை விரைவில் கடந்து போய்விடுவதில்லை. அந்தப் பூக்காரி இன்று ஊன்றுகோலுடன்தான் நடக்கிறாள். முனைக்கு வர இயலாததால், வீட்டுத் திண்ணையிலேயே பூக் கட்டி விற்கிறாள்.

எனவே, பிள்ளைகளுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோரிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். எண் பொருத்தாமல் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம். நல்ல நேரம் இன்னும் இரண்டு நாள் கழித்தும் வரும். தற்காலிக எண்ணுடன்தான் செல்ல வேண்டியிருந்தால், அது உரிய தகட்டில், உரிய நிறத்தில், எவரும் படிக்கும்படி இருக்கட்டும். விபத்து நேர்ந்தால் காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதையும், காவல் நிலையத்திற்குத் தெரிவிப்பதையும் 134-ஆம் பிரிவு ஒவ்வோர் ஓட்டுநருக்கும் கடமையாக்கியிருக்கிறது. அதைப் பிள்ளைகள் சட்டப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளப் போவதில்லை. சாவியைக் கொடுக்கும் கையே அதையும் கற்றுக்கொடுக்கட்டும்: எவர் மீதேனும் மோதிவிட்டால் வண்டியை நிறுத்து, இறங்கு, அவரைத் தூக்கு, உன் பெயரைச் சொல்.